மேடு ஏறக் கற்ற மிதிவண்டி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? சன்னலோரம் அமர்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த 50 கிலோமீட்டரும் ஏறக்குறையச் சமதளமாகவே தோன்றும். மேலுமலை அருகே ஓட்டுநர் கியரை மாற்றும்போது எழும் உறுமல் ஒன்றுதான் ஏறிக்கொண்டிருப்பதை நினைவூட்டும். அதே வழியைச் சைக்கிளில் கடந்து பாருங்கள். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டரில். இடையிலுள்ள 400 மீட்டரையும் உங்கள் தொடைத் தசைகள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் போவது நெடுஞ்சாலையில் அல்ல. கனரக லாரிகளுக்கு நடுவே உயிரைப் பணயம் வைப்பதில் இன்பம் ஒன்றும் இல்லை. ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை வழியாக ஒரு சாலை இருக்கிறது. தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் வேறு சாலைகள் இருக்கின்றன. புளிய மரங்கள், கேழ்வரகுக் கொல்லைகள், ரோசாத் தோட்டங்கள், யாரோ அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் பாறைக் குன்றுகள். தேநீர்க் கடையில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். பக்கத்து மேசையில் கன்னடம் ஓடிக்கொண்டிருக்கும். இந்தச் சாலைகளில் விடுமுறை நாள் காலைகளில் பெங்களூரிலிருந்து வரும் சைக்கிள் குழுக்களை இப்போது நீங்கள் காணலாம். பளபளக்கும் தலைக்கவசம், பின்சக்கரத்தில் பத்து, பதினொரு பற்சக்கரங்கள். அவர்களுக்கு எதிரே, கைப்பிடியில் பால் தூக்குகளைத் தொங்கவிட்டு, கறுப்பு நிறப் பழைய சைக்கிளை மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார் ஒரு பெரியவர்.

இருவர் கையிலும் இருப்பது சைக்கிள்தான். ஒருவர் ஏறிச் செல்கிறார். மற்றவர் இறங்கித் தள்ளுகிறார். பெரியவருக்கு வலுவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வலுவில் அவர் யாருக்கும் இளைத்தவர் அல்லர். காரணம் சைக்கிளின் பற்களில் இருக்கிறது. அந்தப் பற்களுக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

முதலில் சிறிது கணக்குப் போடுவோம். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ, ஆக 85 கிலோ. இந்த நிறையை 400 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 85 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ 3,33,000 ஜூல். இது 80 கிலோகலோரிக்குச் சமம். நம் தசைகள் உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டும் 350 கிலோகலோரி அளவுக்குச் செலவாகும். ஓர் இட்லிக்கு 50 என்று கொண்டால் ஏழு இட்லி! உருளும் தடைக்கும் காற்றின் தடைக்கும் தனியே சாப்பிட வேண்டும்.

"கியர் சைக்கிளில் போனால் இட்லி குறையுமா, சார்?" என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். குறையாது. ஏறும் உயரம் மாறாதவரை வேலையும் மாறாது. கியர் மாற்றுவது விசையைத்தான். எப்படி என்று பாருங்கள்.

நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளில் பொதுவாக முன் பற்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னதற்கு 18 பற்கள். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் முன்னே போகும். அதே நேரத்தில் உங்கள் பாதம் வட்டத்தில் கடக்கும் தொலைவு ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். ஆகப் பாதத்தைப் போல் ஐந்து மடங்கு தொலைவைச் சக்கரம் கடக்கிறது. நெம்புகோல் விதிப்படி இதற்கு விலை கொடுத்தாக வேண்டும்: சக்கரம் சாலையைத் தள்ளும் விசையைப் போல் ஐந்து மடங்கைப் பாதம் கொடுக்க வேண்டும்.

சமதளத்தில் இது பெரிதல்ல. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில், மிதியின் மீது சராசரியாக 25 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆனால் மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது நாம் கொடுக்கும் அழுத்தம் சுழற்சிக்குப் பயன்படுவதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய, மிதி கிடைமட்டமாக வரும் கணத்தில் 40 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். நூறுக்குப் பத்து மீட்டர் உயரும் மேட்டில் இது 70 கிலோவைத் தாண்டுகிறது. ஓட்டுபவரின் எடையே 65 கிலோதான்! இருக்கையை விட்டு எழுந்து, முழு எடையையும் மிதியின் மேல் போட்டு நின்றாலும் சைக்கிள் நகர மறுக்கும். கைப்பிடியை வெறிகொண்டு இழுத்துச் சற்றுத் தொலைவு போகலாம். பிறகு இறங்கத்தான் வேண்டும். பால்காரப் பெரியவர் இறங்கியது இயற்பியலுக்குக் கட்டுப்பட்டுத்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கு மிதியே கிடையாது; காலால் தரையை உந்திப் போக வேண்டும். 1860-களில் பிரான்சில் மிதி வந்தது, ஆனால் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டது. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. அப்படி வளர்ந்துதான் ஆள் உயரத்துக்கு முன்சக்கரம் கொண்ட அந்த வேடிக்கையான வண்டி பிறந்தது. அதில் பள்ளத்தில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. முன்னால் ஒரு கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.

1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டி சங்கிலி மூலம் பின்சக்கரத்தை இயக்கியது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததும் சைக்கிள் சாகசக்காரர்களின் கையிலிருந்து சாதாரண மக்களின் கைக்கு வந்தது. உல்லாசப் பயணம் என்ற பழக்கமும் அப்போதுதான் பரவியது. 1895-இல் திருமணம் செய்துகொண்ட மேரி கியூரியும் பியரி கியூரியும் தேனிலவுக்குப் புறப்பட்டது, அன்பளிப்பாக வந்த பணத்தில் வாங்கிய இரண்டு சைக்கிள்களில்தான். ரேடியத்தைக் கண்டுபிடிப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு அவர்கள் பிரான்சின் கிராமச் சாலைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலி வந்ததில் இன்னொரு நன்மையும் மறைந்திருந்தது. சக்கரத்தை மாற்றாமலே பற்களின் விகிதத்தை மாற்றலாம் அல்லவா? இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டவர் பால் தெ விவீ என்ற பிரெஞ்சுக்காரர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய இவர் 1853-இல் பிறந்தவர். பட்டு வணிகத்தை விட்டுவிட்டு, செயின்ட் எட்டியேன் நகரில் சைக்கிள் தொழிலில் இறங்கி, 1887-இல் சைக்கிளுக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அந்நகருக்கு வெளியே 1,161 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாய் உண்டு. அதுவே அவருடைய ஆய்வுக்கூடம். முன்னால் இரண்டு பற்சக்கரம் வைத்துப் பார்த்தார். சங்கிலியைக் கையால் தூக்கி மாற்றிப் பார்த்தார். பிறகு ஓட்டத்திலேயே சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் அமைப்புகளை முயன்றார். அவர் பந்தய வீரர் அல்லர். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக மலை ஏறியவர்.

பந்தயக்காரர்களோ இவரைக் கண்டு சிரித்தார்கள். பிரான்சைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெகிரான்ஜ், கியர் மாற்றும் வசதி 45 வயதைத் தாண்டியவர்களுக்கே உரியது, வீரன் தசையால்தான் வெல்ல வேண்டும் என்ற கருத்துடையவர். அப்பந்தயத்தில் சங்கிலியைத் தாவவைக்கும் அமைப்புக்கு 1937 வரை அனுமதி கிடைக்கவில்லை. வெலோசியோ அதைக் காணவில்லை. 1930-இல் டிராம் வண்டி மோதி இறந்துபோனார். அறிவியல் முன்னேற்றத்துக்குப் போட்டியே தாய் என்று சொல்வார்கள். இங்கே போட்டிதான் முட்டுக்கட்டை போட்டது. பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டியவர்கள்தான் வழி திறந்தார்கள்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று வேகப் பற்சக்கரங்களை ஒளித்து வைக்கும் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' அமைப்பு 1902-இல் உருவாயிற்று. மழையோ சேறோ உள்ளே போகாது. நம் நாட்டுச் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஆனால் அது நம் சாதாரண மனிதரிடம் வரவே இல்லை. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்திறங்கிய வண்டிகளில் இங்கே பரவியது ஒற்றை விகித வண்டிதான். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, 1950-களில் ஆசன்சால், சோனிபட், லூதியானா என்று தொழிற்சாலைகள் பெருகின. அவையும் அதே கறுப்பு வண்டியைத்தான் இலட்சக்கணக்கில் வார்த்தன. இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நெல் மூட்டை, தண்ணீர்க் குடம், மனைவி, இரண்டு பிள்ளைகள் அத்தனையும் தாங்கிய வண்டி அது. எந்தக் கிராமத்திலும் ஒரு புளிய மரத்தடியில் அதைப் பழுது பார்த்துவிடலாம். குடத்துக்குள் ஒளிந்திருக்கும் பற்சக்கரம் உடைந்தால் அந்த மரத்தடியில் என்ன செய்வது? விலையும் கூடும். தஞ்சைச் சமவெளிக்குக் கியர் தேவையும் இல்லை. ஆயினும் ஒரே அளவுச் சட்டையை ஊர் முழுவதற்கும் தைத்தாற்போல், சமவெளிக்குத் தைத்த வண்டியையே நம் மேட்டு நிலத்துக்கும் மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேட்டுக்கு இந்தியா கண்டுபிடித்த விடை வேறு. அது ஓசூரிலேயே பிறந்தது. 1980-இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் ஓசூரில் தயாரித்த டி.வி.எஸ். 50 நாட்டின் முதல் இருவர் செல்லும் மொபெட். மோட்டார், பெடல் என்ற இரண்டு சொற்களை ஒட்டியதே 'மொபெட்'. அதில் மிதி இருந்தது. மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். ஒரு மனிதர் நாள் முழுதும் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் 75 வாட் அளவுதான். அரைக் குதிரைத்திறன் என்பதே அப்படிப்பட்ட ஐந்து மனிதர்களின் உழைப்பு. இப்படிப்பட்ட எஞ்சின் கிடைத்தபின் கியர் சைக்கிளைப் பற்றி யார் கவலைப்படுவார்? வசதி வந்தவர் மொபெட்டுக்கு மாறினார். வசதி வராதவர் மேட்டில் இறங்கித் தள்ளினார். 2021-இலிருந்து இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. மேட்டுச் சாலையின் கதையில் இது அடுத்த பக்கம்.

கியர் கடைசியில் வந்தது, ஆனால் உல்லாசப் பயணிகளின் கையில். 2008-இல் பெங்களூர்க்காரர்கள் நீலகிரிக்குச் சைக்கிளில் சுற்றுப்பயணம் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு நம் எல்லைச் சாலைகளிலும் இவர்கள் கூட்டம் பெருகியது. நானும் அவர்களுள் ஒருவன் என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாம் கையாக வாங்கிய கியர் வண்டியில் முன்னும் பின்னும் 28 பற்கள் வருமாறு போட்டால், மிதியின் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் அளவே வண்டி நகரும். முன்சொன்ன பத்துக்கு ஒன்று மேட்டில் 70 கிலோ அழுத்தம் 28 கிலோவாகக் குறையும். வேகம் நடையைவிடச் சற்றே மேல். ஆனால் இறங்க வேண்டியதில்லை. இறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்: நூறுக்கு ஐந்து இறக்கத்தில் மிதிக்காமலே மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவீர்கள். ஒருமுறை இராயக்கோட்டை அருகே மழையில் என் பழைய கறுப்புச் சைக்கிளில் இறங்கினேன். நனைந்த எஃகு விளிம்பில் ரப்பர்க் கட்டை வழுக்க, பிரேக் இருந்தும் இல்லாததாயிற்று. சாலையோரக் கேழ்வரகுக் கொல்லை ஒன்றுதான் என் இயக்க ஆற்றலை ஏற்றுக்கொண்டது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டுச் சாலைகளில் வேறொரு எச்சரிக்கை: சைக்கிள் ஓசையின்றிப் போவதால் யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. இருட்டு விலகும் முன் அங்கே போகாதீர்கள்.

1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். 2001-02-இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. புதுக்கோட்டை பெரும்பாலும் சமவெளி. நம் மாவட்டத்து மலையடிவாரக் கிராமத்துப் பெண்ணும் அதே ஒற்றை விகித வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். மேட்டில் தள்ளுகிறாள். மணி அடித்தபின் வகுப்புக்கு வந்து வெளியே நிற்கிறாள்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தியின் தங்கைக்கு இதுதான் நிலை. கணக்கைக் கரும்பலகையில் போட்ட அன்று மாலையே இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைக்காரரிடம் பின்னாலிருந்த 18 பல் 'ஃப்ரீவீலை'க் கழற்றி 22 பல் போடச் சொன்னேன். "ஸ்பீடு குறையுமே, சார்" என்றார். குறையும், மிதியின் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் என்பது நாலரை மீட்டராகும். ஆனால் ஐந்து விழுக்காட்டு மேட்டில் 40 கிலோ அழுத்தம் 32 ஆகும். பல் கூடியதால் பழைய சங்கிலி எட்டவில்லை. இரண்டு கண்ணி சேர்த்துப் பூட்டினார். மறு வாரம் அந்தச் சிறுமி சொன்னாள், தம்பியைப் பின்னால் உட்காரவைத்தால் மட்டும் இன்னும் இறங்க வேண்டியிருக்கிறது என்று.