இரண்டு உண்டியல்கள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கோயில் உண்டியலின் மேல் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். மேலே 'மின் உண்டியல்' என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த நோட்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் ஒரு பையன் போனை நீட்டி ஸ்கேன் செய்தான்.

இரண்டு பேரும் சாமிக்குத்தான் கொடுத்தார்கள். அந்த அம்மா எவ்வளவு போட்டார் என்பது அவருக்கும் சாமிக்கும் மட்டும்தான் தெரியும். பையன் போட்டது அவனுடைய வங்கி, கோயிலின் வங்கி, அந்தச் செயலி, நடுவில் இருக்கும் என்பிசிஐ என்று நாலு இடத்தில் பெயரோடும் நேரத்தோடும் ஏறிவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் 'உண்டியல்' என்கிற வார்த்தையே மண்டைக்குள் சுத்திக்கொண்டிருந்தது. ஏன்னா தமிழில் உண்டியல் ஒன்று இல்லை, இரண்டு.

பெயர் கேட்காத உண்டியல், பெயராலேயே ஓடிய உண்டியல்

முதல் உண்டியல் நமக்கெல்லாம் தெரிந்த கோயில் உண்டியல். இரண்டாவது, வணிகர்கள் பயன்படுத்திய உண்டியல். வடக்கே ஹுண்டி என்பார்கள். இன்ன ஊரில் இருக்கும் இன்ன கடைக்காரர் இந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு ரூபாய் கொடுக்கவும் என்று எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். பார்த்தவுடன் பணம் கொடுக்க வேண்டிய உண்டியல் உண்டு. இத்தனை நாள் கழித்துக் கொடுக்க வேண்டிய தவணை உண்டியலும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் இப்படி ஒரு தாளை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். மங்கிப்போன மை, ஒரு முத்திரை, நாலைந்து எழுத்தில் ஒரு விலாசம். வீட்டு முகவரியைச் சொல்லவில்லை. செட்டியார் கடைகளில் 'விலாசம்' என்றால் தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன கடைப்பெயர். அந்த நாலெழுத்துக்குத்தான் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் பணம் கிடைத்தது.

கோயில் உண்டியலில் பெயருக்கு வேலையே இல்லை. வணிக உண்டியலில் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. எழுதியவர் யார், யார் மேல் எழுதினார், யாருக்குக் கைமாறியது எல்லாமே தாளில் இருக்கும். அப்படியென்றால் அதில் அந்தரங்கம் இல்லையா? இருந்தது. அந்தப் பெயர்களைப் படிக்கக்கூடியவர்கள் யார் என்பதில்தான் அது இருந்தது. நகரத்தார் கடைகள் பல ஒரே கிட்டங்கிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு கடைக்கும் தனிப் பெட்டகம், தனிப் பேரேடு. நடப்பு வட்டி எவ்வளவு என்பதைக் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அது ஊருக்கே தெரியும். யாருக்கு எவ்வளவு கடன் என்பது மேலாளுக்கும் முதலாளிக்கும் மட்டும். வெள்ளைக்கார அரசே 1881-ல் செலாவணி முறிச் சட்டம் போட்டபோது, இந்திய மொழிகளில் எழுதிய இந்தத் தாள்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தில் தலையிடவில்லை என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டது.

கண்ணுக்குத் தெரிவதற்கு வரி

சரி, அரசாங்கத்துக்கு எப்போதிலிருந்து நம் பணக் கணக்கு தேவைப்பட்டது? வரி என்பது ரொம்பப் பழசு. ஆனால் பழைய வரிப் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல்லவர், சோழர் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் தறி இறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், கண்ணாலக்காணம் என்று வருகிறது. தறிக்கு, செக்குக்கு, பொற்கொல்லர் தொழிலுக்கு, கல்யாணத்துக்கு. எல்லாமே தெருவில் நடந்து போனாலே கண்ணுக்குத் தெரிபவை. நெசவாளியிடம் "வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறாய்?" என்று கேட்க வேண்டியதில்லை, தறியை எண்ணினால் போதும். நிலத்துக்கு வரி போட்டவர்களும் நிலத்தைத்தான் அளந்தார்கள். வரி கொடுமையாக இருந்திருக்கலாம், பல சமயம் இருந்தது. ஆனாலும் அது வாசலோடு நின்றது. பேரேட்டைத் திறந்து காட்டு என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வி இந்தியாவில் நாடு முழுமைக்குமாக எழுந்தது 1860-ல். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் அரசுக் கஜானா காலி. லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் இவர்தான். 1860 பட்ஜெட்டில் வருமான வரியைக் கொண்டுவந்தார். வருஷ வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே என்றால் வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம். அதே வில்சன்தான் அரசே அச்சிடும் காகித நோட்டுக்கான திட்டத்தையும் முன்வைத்தார். அது 1861-ல் சட்டமானது.

எனக்கு இது பெரிய ஆச்சரியம். கையில் கொடுத்தால் யார் பெயரும் கேட்காத பணமும், "உன் வருமானம் என்ன, சொல்" என்று கேட்கும் வரியும் ஒரே மனிதரின் மேஜையிலிருந்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில் நமக்கு வந்திருக்கின்றன. அதன் பிறகு நடந்த கதை முழுக்க இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த இழுபறிதான்.

முதல் எதிர்ப்பு நம்ம மதராஸிலிருந்தே கிளம்பியது. அப்போது இங்கே ஆளுநர் சார்ல்ஸ் ட்ரெவெலியன். சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர். புது வரி மக்களிடம் வெறுப்பைத்தான் வளர்க்கும், செலவைக் குறையுங்கள் என்று வாதாடிக் குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அதைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். ஆளுநரே பகிரங்கமாக எதிர்த்தால் சும்மா விடுவார்களா? பதவியைப் பறித்துத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்சன் அதே ஆகஸ்ட்டில் கல்கத்தாவில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். வேடிக்கை என்னன்னா, சில வருஷம் கழித்து ட்ரெவெலியனே இந்தியாவின் நிதிப் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். அவர் காலத்தில், 1865-ல், அந்த வருமான வரி காலாவதியானது. பிறகு வேறு வேறு பெயரில் வந்து வந்து போய், 1886-ல் நிலையாக உட்கார்ந்துவிட்டது.

ஒரு மறந்துபோன வாக்குறுதி

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1922 வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. இன்று யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வரிக் கணக்கில் நீங்கள் எழுதிக் கொடுத்த விவரங்கள் எல்லாம் ரகசியம் என்றது அந்தப் பிரிவு. அதிகாரி அதை வெளியே சொன்னால் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். நீதிமன்றமே கேட்டாலும், சட்டம் சொன்ன சில விதிவிலக்குகளைத் தவிர, கொடுக்க வேண்டியதில்லை. ஒரு அந்நிய அரசு, அதுவும் நம்மைச் சந்தேகத்தோடே பார்த்த அரசு, ஏன் இப்படி ஒரு வாக்குறுதி கொடுத்தது? கருணையால் இல்லை. மக்கள் உண்மைக் கணக்கைச் சொல்ல வேண்டுமென்றால், சொன்னது வேறு எங்கும் போகாது என்ற நம்பிக்கை வேண்டும். கடன் கொடுத்தவனுக்கும், வழக்குப் போட்ட பங்காளிக்கும், போட்டிக் கடைக்காரனுக்கும் தெரிந்துவிடும் என்றால் யார் வாய் திறப்பார்கள்? வரி வசூலுக்கு அந்தரங்கம் இடைஞ்சல் என்று அவர்கள் நினைக்கவில்லை. வசூல் ஒழுங்காக நடக்க அதுவும் ஒரு கருவி என்று நினைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1961 சட்டத்தில் இது 137-ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. 1964-ல் அதை நீக்கிவிட்டார்கள். கறுப்புப் பணம் பெரிய பேச்சாக இருந்த காலம். காரணத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வாக்குறுதி போனது போனதுதான்.

இன்னொரு பக்கம், பெயரில்லாத நோட்டுக்குப் பெயர் வைக்கும் முயற்சிகள். 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1978 ஜனவரியில் 1000, 5000, 10,000. 2016 நவம்பரில் 500, 1000. மூன்றிலும் உத்தி ஒன்றுதான்: நோட்டை மாற்ற வங்கிக்கு வந்துதானே ஆகணும், வந்தால் பெயர் தெரிந்துவிடும். 2016-ல் செல்லாது என்று சொன்ன நோட்டில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே சொன்னது. இடையில் 1981-ல் இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்தது. அரசே 'சிறப்புத் தாங்கி பத்திரம்' வெளியிட்டது. 10,000 ரூபாய் கொடுத்து வாங்கலாம், பத்து வருஷம் கழித்து 12,000 கிடைக்கும், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம். அதாவது ரகசியத்தை அரசே விலைக்கு விற்றது! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரு நீதிபதி மட்டும் மாறுபட, செல்லும் என்று தீர்ப்பானது.

பெட்டி நிறையக் கறுப்புப் பணம் வைத்திருந்தவருக்குச் சட்டமே ரகசியம் கொடுத்தது. ஒழுங்காகக் கணக்கு எழுதிக் கொடுத்தவருக்கு இருந்த ரகசியத்தை அதே சட்டம் அதற்கு முன்பே எடுத்துவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது.

டீக்கடையில் வந்து நிற்கும் கதை

2016-ல் யூபிஐ வந்தது. 2025 ஆகஸ்ட்டில் அந்த ஒரே மாதத்தில் 2000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டிவிட்டது. செக்கையும் தறியையும் எண்ணிய காலம் போய், இப்போது ஒவ்வொரு டீயையும் எண்ணலாம்.

எண்ணினால் என்ன ஆகும் என்று 2025 ஜூலையில் கர்நாடகத்தில் தெரிந்தது. யூபிஐ வரவை வைத்து, ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு மாநில வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது விதி. ஆனால் காய்கறி, பால் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரவு என்ன என்பது பதிவேட்டுக்குத் தெரிந்தது. விற்றது கத்தரிக்காயா, தம்பி திருப்பிக் கொடுத்த கைமாத்தா, சீட்டுப் பணமா என்பது தெரியவில்லை. பெங்களூரில் கடைக்கடையாக க்யூஆர் கோட்டைக் கிழித்துவிட்டு 'நோ யூபிஐ, ஒன்லி கேஷ்' என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில், பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம், இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முதலமைச்சர் சொல்ல வேண்டியதாயிற்று.

நம்ம ஊரிலும் அதன் சூடு தெரிந்தது. நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் அண்ணன் சொன்னார்: "அம்பது ரூவாய்க்கு மேலன்னா காசா குடுத்துடுங்க தம்பி." அவர் வரி ஏய்ப்பவர் இல்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானமும் இல்லை. பயம்தான்.

இதைப் படிக்கும் மாதச் சம்பளக்காரர்கள் சிரிக்கலாம்: "எங்களுக்குக் கையில் வருவதற்கு முன்னாடியே டிடிஎஸ் போயிடுது, இதுல என்ன அந்தரங்கம்?" நியாயமான கேள்வி. நானும் அந்த ஜாதிதான். வரி இல்லாமல் ரோடு இல்லை, ரேஷன் இல்லை. ஒளிந்துகொள்ளும் உரிமையை நான் கேட்கவில்லை. ஒரு வேலைக்காகச் சொன்ன விவரம் அந்த வேலையோடு நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நம் நீதிமன்றங்களும் இதைச் சொல்லியிருக்கின்றன. ஆந்திரத்தில் முத்திரைத்தாள் சட்டத்தைத் திருத்தி, கலெக்டர் அனுப்பும் யாரும் வங்கிக்குள் நுழைந்து ஆவணங்களைப் புரட்டலாம் என்று வைத்திருந்தார்கள். கனரா வங்கி தொடர்பான வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காகிதம் வங்கியில் இருப்பதாலேயே அதன்மேல் உங்களுக்குள்ள அந்தரங்கம் போய்விடாது என்று சொன்ன தீர்ப்பு அது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். கொள்கை இருக்கிறது. ஆனால் 54-ஆம் பிரிவு மாதிரி, "நீ சொன்னதை இவர் மட்டும்தான் பார்ப்பார், மீறினால் அவருக்கு ஜெயில்" என்று டீக்கடைக்காரருக்குப் புரிகிற ஒரு வரி நம் யூபிஐ திரையில் எங்கேயும் இல்லை.

வணிக உண்டியல் என்ற சொல் இன்று ஹவாலாவுக்கு இன்னொரு பெயராகிவிட்டது. இலங்கையில் 'உண்டியல்ல அனுப்பினது' என்றால் சட்டத்துக்கு வெளியே அனுப்பியது என்று அர்த்தம். பெயரும் நம்பிக்கையும் மட்டுமே முதலாக இருந்த ஒரு முறை இப்படி முடிந்தது. கோயில் உண்டியல் மட்டும் தப்பித்திருக்கிறது. பெயரில்லாத நன்கொடைக்கு அறக்கட்டளைகள் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று 2006-ல் சட்டம் திருத்தியபோதும், முழுக்க மதம் சார்ந்த அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். உண்டியலில் காசு போடுபவரிடம் பெயர் கேட்க முடியாது என்று நாடாளுமன்றத்துக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. நானும் அன்றைக்கு ஸ்கேன்தான் செய்தேன். பர்ஸில் சில்லறை இல்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய உண்டியல் தாளோ பேரேடோ இருந்தால், கறையான் தின்பதற்குள் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.