தொலைவை முதலாக்கிய துறைமுகம்

தென் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து மகெல்லன் நீரிணையால் பிரிக்கப்பட்ட தியெரா தெல் ஃபுவேகோ தீவின் தென்கரையில், தென் அகலாங்கு 54 பாகைக்கும் அப்பால், பீகிள் கால்வாயைப் பார்த்தவாறு அமைந்துள்ள அர்ஜென்டினாவின் உஷுவாயா நகரம், அண்டார்க்டிகாவுக்குச் செல்லும் சுற்றுலாக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை புறப்படும் துறைமுகமாக இன்று விளங்குகிறது. கால்வாய் எனப்பட்டாலும் அது மனிதர் வெட்டியதன்று. பனியாறுகள் அரித்துச் சென்ற பள்ளத்தில் கடல் புகுந்து உருவான இயற்கை நீரிணையாகும். குடியேற்றத்துக்குத் தடையாக இருந்திருக்க வேண்டிய தொலைவே, ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு காரணத்துக்காக இவ்வூருக்கு மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதே இதன் வரலாற்றின் தனித்தன்மை.

அத்தொலைவைத் தொலைவாக எண்ணாதவர்கள் யாகன் மக்கள் மட்டுமே. யாமானா என்றும் அழைக்கப்படும் இவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளாக மரப்பட்டைத் தோணிகளில் குடும்பத்தோடு இந்நீர்வழிகளில் வாழ்ந்து, தோணியின் நடுவே மண் பரப்பி அதன்மேல் அணையாமல் நெருப்பைக் காத்து, கடற்சிங்கக் கொழுப்பை உடலில் பூசிக் குளிரைத் தாங்கினர். உறைகுளிர் நீரில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் பெண்களே. 1869-இல் வெயிட் ஸ்டிர்லிங் என்ற ஆங்கிலேயச் சமயப்பரப்பாளர் இங்கு வந்து தங்கினார். 1871-இல் குடும்பத்தோடு குடியேறிய தாமஸ் பிரிட்ஜஸ், ஏறத்தாழ 32,000 சொற்களைக் கொண்ட யாகன் அகராதியைத் தொகுத்தார். தீவை இரண்டாகப் பிரித்த 1881-ஆம் ஆண்டின் சிலி–அர்ஜென்டினா உடன்படிக்கைக்குப் பின், 1884 அக்டோபர் 12 அன்று அகுஸ்தோ லாஸெர்ரே தலைமையில் வந்த கடற்படையினர் அர்ஜென்டினாக் கொடியை ஏற்றினர். அந்நாளையே நகரம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் அதைத் தொடர்ந்தே தட்டம்மை பரவி, நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத யாகன் மக்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்நாளை நினைவுகூர்வது அரைகுறை வரலாறாகவே இருக்கும்.

கொடி ஏற்றினால் மட்டும் ஊர் உருவாகிவிடாது. விரும்பிக் குடியேற எவரும் முன்வராத இடத்தில், விரும்பாதவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தும் வழியை அரசு தேர்ந்தெடுத்தது. 1896-இல் முதல் கைதிகள் வந்திறங்கினர். 1902-இல் தொடங்கிய கற்கட்டடப் பணியைக் கைதிகளே செய்து முடித்தனர். நடுக்கூடத்திலிருந்து ஐந்து சிறகுகள் விரியும் அச்சிறைச்சாலையில் 380 அறைகள் இருந்தன. கொடுங்குற்றவாளிகளோடு அரசியல் கைதிகளும் அங்கு அடைக்கப்பட்டனர். காவல்துறைத் தலைவரைக் கொன்ற அரசின்மைவாதி சிமோன் ராதோவித்ஸ்கி 1918-இல் தப்பிப் பிடிபட்டு, 1930-இல்தான் மன்னிப்புப் பெற்றார். விறகுக்காகக் காட்டை வெட்டிய கைதிகள் குறுகிய தண்டவாளத்தில் ஓடிய ரயிலில் நாள்தோறும் ஏற்றிச் செல்லப்பட்டனர். பனிக்காலத்தில் பனிமட்டத்துக்கு மேலே வெட்டப்பட்ட மரங்களின் உயரமான அடிக்கட்டைகளை இன்றும் அங்கே காணலாம். ஊரின் தெருக்களும் பாலங்களும் இவர்களது உழைப்பில் எழுந்தவை.

சுற்றுலாவின் முதல் பெருநிகழ்வும் இச்சிறைக்காலத்திலேயே நேர்ந்தது. 1930 ஜனவரி 22 அன்று மோன்தே செர்வாந்தெஸ் என்ற ஜெர்மானிய உல்லாசக் கப்பல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு உஷுவாயாவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில், லே ஸெக்லேரர் கலங்கரை விளக்கத்தருகே பாறையில் மோதியது. பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். கப்பல் தலைவர் மட்டும் மாண்டார். தன் மக்கள்தொகையை விஞ்சிய அக்கூட்டத்துக்குச் சிற்றூர் தன் வீடுகளைத் திறந்துவிட்டது. சிறைச்சாலையும் தன் பங்குக்கு உணவும் இடமும் தந்தது. விருந்தோம்பல் ஒரு தொழிலாவதற்கு முன்னரே இவ்வூர் அதை இவ்வளவு பெரிதாக நிறைவேற்றியது என்பது போற்றுதலுக்குரியது.

1947-இல் அதிபர் பெரோனின் அரசு சிறையை மூடியது. 1972-ஆம் ஆண்டின் 19640-ஆம் எண் சட்டம் தீவுக்கு வரிவிலக்கு அளித்ததால் மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலைகள் வந்தன; 1970-இல் 5,000-க்குச் சற்று மேலிருந்த மக்கள்தொகை 2010-இல் ஏறத்தாழ 57,000 ஆயிற்று. அதேசமயம், 1960-களில் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் போன்றோர் தொடங்கிவைத்த அண்டார்க்டிகா சுற்றுலா, டிரேக் பெருநீரிணையை ஏறத்தாழ இரண்டு நாளில் கடந்து சேரக்கூடிய தொலைவிலிருந்த இத்துறைமுகத்தைத் தன் தளமாக்கிக்கொண்டது. 2022-23 பருவத்தில் அக்கண்டத்துக்குச் சென்ற பயணிகள் ஒரு லட்சத்தைக் கடந்தனர். சிறைச்சாலை அருங்காட்சியகமாகியது, கைதிகளின் ரயில் 1994-இல் ‘உலகக் கடைக்கோடியின் ரயில்’ என்ற பொருள்படும் பெயரில் பயணிகளுக்காக மீண்டும் ஓடத் தொடங்கியது. தண்டனையின் இடமாக இருந்த காலத்தை விரிவாகக் காட்டும் இச்சுற்றுலா, அதற்கு முந்தைய பல்லாயிரம் ஆண்டுகளின் தோணி வாழ்வுக்கு ஒதுக்கும் இடம் மிகவும் சிறிது.

கால்வாயின் எதிர்க்கரையில், இன்னும் தெற்கே, சிலி 1953-இல் கடற்படைத் தளமாக நிறுவிய புவெர்த்தோ வில்லியம்ஸ் 2019-இல் நகரம் என வகைப்படுத்தப்பட்டதிலிருந்து, உலகின் தென்கோடி நகரம் எது என்னும் உரிமைப் போட்டி இரு கரைகளுக்குமிடையே வலுத்துள்ளது. யாகன் மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராகக் கருதப்பட்டு 2022-இல் மறைந்த கிறிஸ்தீனா கால்தெரோன் வாழ்ந்ததும், அம்மக்களின் வழித்தோன்றல்கள் பலர் இப்போது வாழ்வதும் அச்சிலி நகரின் ஓரத்திலுள்ள வில்லா உகிகா என்ற குடியிருப்பில்தான்.