நானிங் தூணில் இல்லாத பெயர்கள்

படை அதிகாரி ஒருவர் போரில் மடிந்தால் அவர் பெயரை எதிலாவது பொறித்து வைப்பது ஆங்கிலேயர் வழக்கம். மலாக்காவில் அதைக் கல்லில் செய்தார்கள். செயின்ட் பால் குன்றுச் சரிவில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர்தான் டச்சு, உள்ளே பெரும்பாலும் ஆங்கிலேயர் கல்லறைகளே. அங்கு உயர்ந்து நிற்கும் தூண், நானிங் போரில் மடிந்த ஜேம்ஸ் வைட், ஹார்டிங் என்ற இரு அதிகாரிகளுக்கானது. அதே போரில் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்கள் யார் என்று கேட்டால், மலேசியத் தமிழர்களான நம் வரலாற்றில் விடுபட்ட ஓர் ஏடு கிடைக்கிறது. பழைய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளைச் சொல்லிவிட்டு, 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதற்கும் தோட்டத் தொழிலாளர் காலத்துக்கும் தாவிவிடுகிறோம். நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை வந்ததைப் பேசுவதில்லை.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தீர்வையாகக் கேட்டது கம்பெனி. மலாக்காவை அடுத்த நானிங்கின் பெங்ஹுலு (தலைவர்) டோல் சைட் மறுத்தார்; அதுவே போரானது. 1831 ஆகஸ்டில் கேப்டன் வில்லியின் கீழ்ப் புறப்பட்டவர்கள் சென்னை 29-ஆம் காலாட்படையின் ஏறத்தாழ 150 சிப்பாய்கள். மலாய்க்காரர்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள்; படை பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வாங்கியது. மறு ஆண்டு கர்னல் ஹெர்பெர்ட்டின் 5-ஆம் காலாட்படையும் சென்னைச் சாப்பர்களும் (படையின் பொறியியல் பிரிவினர்) வந்தார்கள். காட்டை அகலமாக வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே நகர்ந்ததால் டோல் சைட்டின் இருப்பிடமான தாபோவைப் பிடிக்க ஜூன் ஆகிவிட்டது. இதையெல்லாம் எழுதிவைத்த கேப்டன் பெக்பியும் சென்னைப் பீரங்கிப் படைக்காரர்தான். அவர் நூல் 1834-இல் சென்னையில் அச்சானது.

சென்னைப் படை முழுக்கத் தமிழர் படை அல்லவே என்பார்கள். உண்மை, தெலுங்கரும் முஸ்லிம்களும் நிறையவே இருந்தார்கள். ஆனால் தமிழரும் இருந்தார்கள், சாப்பர்களிடையே கணிசமாகவே. இன்னொரு மறுப்பு கனமானது: தன் மண்ணுக்காக நின்ற டோல் சைட்டை எதிர்த்துக் கம்பெனிக்காகச் சண்டையிட்டவர்களை ஏன் நினைக்க வேண்டும்? அவர்களை வீரர்களாக்கச் சொல்லவில்லை. அந்தப் போரில் நியாயம் நானிங் பக்கம்தான். 1834-இல் சரணடைந்த டோல் சைட்டுக்குக் கம்பெனியே ஓய்வூதியம் கொடுத்து மலாக்காவில் குடிவைத்தது. வென்றவனுக்குத் தூண், தோற்றவருக்கு ஓய்வூதியம், கூலிக்குச் சண்டையிட்டவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பெருமைக்குரிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப்போட்டால் அது வரலாறு ஆகாது. சென்னை அரசின் பழைய ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மலேசியத் தமிழ் ஆய்வு மாணவர்கள் இந்தப் படைப்பிரிவுகளின் தடத்தை அங்கே தேடிப் பார்க்க வேண்டும்.