பொறியும் கொடியும்: அரண்மனை முதல் ஆலயம் வரை

அரசர்தம் கொடிகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வென்றவரின் புகழையே பேசுகின்றன. வெல்லப்பட்டவரின் சின்னம் என்னவாயிற்று என்னும் வினாவோடு, கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் நாள்தோறும் காணும் கொடிகளையும் சின்னங்களையும் இவ்வுரையில் நோக்குவோம்.

சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்றது. முதலாம் இராசேந்திரனின் செப்பேட்டு முத்திரையிலோ இம்மூன்றும் ஒருங்கே உள்ளன. அமர்ந்த புலியின் அருகே இரு கயல்கள், கீழே வில், மேலே வெண்கொற்றக்குடை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகளைக் கோத்த வளையத்திலும் அவன் முத்திரையே உள்ளது. கடாரம் என்பது இன்றைய கெடா. வெற்றியைப் பறைசாற்றவே பிறர் பொறிகளைச் சோழர் சேர்த்தனர்; ஆயினும் பாண்டியரின் கயல் அழிக்கப்படாமல், வென்றவர் முத்திரையிலேயே நிலைத்தது.

போரின்றியும் பொறிகள் ஒன்றுசேர்வதுண்டு. 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் மரபுரிமையால் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். அரச கேடயம் நான்காகப் பகுக்கப்பட்டு, ஸ்காட்லாந்தின் எழுந்து நிற்கும் செஞ்சிங்கமும் அதில் இடம்பெற்றது. இன்றும் இங்கிலாந்தில் வழங்கும் அரச சின்னத்தில் ஆங்கிலேயரின் மூன்று சிங்கங்கள் முதலிடம் பெறுகின்றன. ஸ்காட்லாந்தில் வழங்கும் வடிவத்திலோ செஞ்சிங்கமே முதலில் நிற்கிறது. சிறிய நாடு தன் மண்ணில் தன் மதிப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் நாட்டுச் சின்னமும் இவ்வகையதே. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைந்தன. கோலாலம்பூர் அவற்றின் தலைநகராயிற்று. அவற்றின் கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகளும் நடுவே ஒரு புலியும் இருந்தன. அந்நான்கு நிறங்களும் இன்று மலேசியச் சின்னத்தின் கேடயத்தில் உள்ளன. இருபுறமும் புலிகள் அதனைத் தாங்குகின்றன. இப்புலி மலாய்க் காட்டின் புலி. சோழரின் புலியோடு இதற்கு உறவு கற்பித்தல் தகாது.

சமய மரபுக்கு வருவோம். ஸ்காட்லாந்து மக்களின் நீலக் கொடியிலுள்ள வெண்ணிறச் சாய்சிலுவை, புனித அந்திரேயா உயிர்நீத்த சிலுவையைக் குறிப்பதென்பர். கோலாலம்பூரில் பிரசுபிட்டேரியர் கட்டிய ஆலயமும் அவர் பெயரையே தாங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலின் இறைவனோ சேவற்கொடியோன். பிளவுண்ட சூரபதுமனின் ஒரு பாதி மயிலாயிற்று. மறுபாதி சேவலாகிக் கொடியேறியது. பகைவனை அழிக்காது தன் கொடியில் ஏற்றிய அருளென்றே நம்மவர் இதனைப் போற்றுவர்.

மூவேந்தரின் பொறிகளை இன்று நாம் செம்பிலும் கல்லிலும் காசிலும் மட்டுமே காண்கிறோம். ஏற்றுவதற்கு அரசர் இல்லை. திருக்கோயிற் கொடியோ திருவிழாவின் முதல் நாளில் ஏறி, நிறைவு நாளில் இறங்கி, மறு ஆண்டு மீண்டும் ஏறுகிறது. கொடிமரம், கொடிச்சீலை, கொடியேற்றம், கொடியிறக்கம் என்னும் சொற்களும் அதனோடு வாழ்கின்றன. ஏற்றும் கைகள் உள்ளவரை கொடி வாழும், சொல்லும் அவ்வாறே.