அடி வாங்கியும் பாய்ந்த ஆக்டோபஸ்

கோடிங்கில் எனக்கொரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு ஃபங்ஷன் எதற்கென்று புரியலையா, தூக்கிவிட்டு எது உடைகிறது என்று பார்ப்பேன். 1950களில் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் ஜே. இசட். யங்கும் பிரையன் பாய்காட்டும் ஆக்டோபஸின் மூளையில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

தொட்டியில் நண்டு மட்டும் வந்தால் ஆக்டோபஸ் பிடித்துத் தின்னலாம். கூடவே ஒரு வெள்ளைத் தகடும் வந்தால், பாய்ந்ததும் ஷாக். சில தடவை அடி வாங்கியபின், தகட்டைக் கண்டால் ஒதுங்கக் கற்றுக்கொண்டது. பிறகு மூளையின் உச்சியிலுள்ள செங்குத்து மடலை அகற்றினார்கள். பார்ப்பது, நீந்துவது, வேட்டை எல்லாம் பழையபடியே இருந்தன. ஆனால் தகடு தெரிந்தும் பாய்ந்தது, ஷாக் வாங்கியது, மறுபடி பாய்ந்தது. சில நிமிட இடைவெளியில் சோதித்தால் கற்றுக்கொண்டது. மணிக்கணக்கில் விட்டால் மறந்துபோனது.

பாய்ச்சல் அந்த மடலில் இல்லை. அடி வாங்கிய நினைவை நெடுநேரம் தக்கவைத்து, பாய்ச்சலைத் தடுக்கும் வேலைதான் அங்கே நடந்திருக்கிறது. முடிவுகள் 1955இல் வெளியாயின.

நான் அழித்த கோடை பழைய வெர்ஷனிலிருந்து மீட்டுக்கொள்வேன். அந்த விலங்குக்கு அது கிடையாது. சோதனை விலங்குகளுக்கான சட்டப் பாதுகாப்பில் ஆக்டோபஸை பிரிட்டன் சேர்த்தது 1993இல். நினைவைப் பற்றி அது நமக்குச் சொல்லிக்கொடுத்து, 38 வருஷம் கழித்து.