பீடத்தருகே ஒரு பியானோ

1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாளின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலய இசை குறித்து ஒரு மடல் விடுத்தார். நாடக அரங்கின் பாணி திருப்பலிக்குள் புகுந்து, வழிபாடா கேளிக்கையா என்று ஐயுறும் அளவுக்கு இத்தாலிய ஆலயங்களின் பாடல்கள் மாறிவிட்ட காலம் அது. கிரகோரியன் இசையை மீண்டும் அரியணையேற்ற விரும்பிய திருத்தந்தையின் கவலைக்குத் தக்க காரணம் இருந்தது. அம்மடலில் ஒரு விதி உண்டு: ஆலயத்தில் பியானோ வாசிக்கலாகாது, பேரிகை, கைத்தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளும் ஆகா.

1975 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் நகரின் புனித பேட்ரிக் பேராலயத்தில் அறுபத்துநான்கு வயதுடைய கறுப்பினப் பெண்மணி ஒருவர் பியானோ முன் அமர்ந்தார். தாம் இயற்றிய திருப்பலி இசையைத் தாமே வாசித்தார். மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தனர். அவ்விசை ஜாஸ் இசை. அப்பேராலயத்தின் திருப்பலியில் ஜாஸ் ஒலித்தது அதுவே முதன்முறை. அந்தப் பெண்மணியின் பெயர் மேரி லூ வில்லியம்ஸ்.

வாசகர் பலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். ஜாஸ் என்றதும் மது விடுதியும் புகைமண்டிய அறையுமே சிலருக்கு நினைவுக்கு வரலாம். அந்நினைவும் முற்றிலும் பிழையன்று. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பருத்திக் காடுகளிலும் செபக் கூடங்களிலும் பாடிய பாடல்களே அதன் வேர். ஆனால் அது வளர்ந்து பிழைத்த இடங்கள் பெரும்பாலும் நடனக் கூடங்களும் இரவு விடுதிகளுமே. எழுதிவைத்த இசையை அப்படியே வாசிப்பதோடு நில்லாமல், கற்பனையால் அவ்வப்போது புதிதாய் விரித்து வாசிப்பது அதன் உயிர். கர்நாடக இசையில் கற்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மேரி 1910 மே 8 அன்று அட்லாண்டா நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் ஒன்று வீட்டில் இருந்தது. மூன்று நான்கு வயதில் தாயின் மடியில் அமர்ந்திருந்த குழந்தை, தாய் வாசித்து நிறுத்தியதைத் தன் விரல்களால் திரும்ப வாசித்துக் காட்டியதாம். திகைத்துப்போன தாய் குழந்தையைக் கீழே நழுவவிட்டாராம். அத்தாய் செய்த அடுத்த செயல்தான் எனக்கு வியப்பளிக்கிறது. மகளுக்கு அவர் ஆசிரியரை வைக்கவில்லை. முறையான பயிற்சியால் செவிவழி வாசிக்கும் தம் திறமை பாழாயிற்று என்று அவர் எண்ணினார். ஆகவே இசைஞர்களை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் செய்து, மகளைக் கேட்கவைத்தார்.

பின்னர் அக்குடும்பம் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்டையிலிருந்த வெள்ளையர்கள் அவர்கள் வீட்டின்மீது செங்கல் எறிந்தனர். சிறுமி மேரி அவர்கள் வீடுகளுக்கே சென்று பியானோ வாசிக்கத் தொடங்கியபின் கல்லெறி நின்றது. பத்து வயதுக்குள் செல்வந்தர் வீட்டு விருந்துகளில் வாசித்துக் குடும்பத்துக்குக் காசு கொண்டுவந்தார். பதின்பருவத்திலேயே ஜான் வில்லியம்ஸ் என்னும் சாக்ஸபோன் கலைஞரை மணந்தார்.

கணவர் சேர்ந்த இசைக்குழு, ஆண்டி கர்க் என்பவரின் தலைமையில் கான்சஸ் நகரில் புகழ்பெற்றது. குழுவில் மேரிக்கு முதலில் இடமில்லை. துல்சா நகரில் அடக்கச் சடங்கு நடத்துவோரிடம் வண்டியோட்டிக் கூலி பெற்றார். குழுவின் பியானோக் கலைஞர் வராத ஒருநாள் அவரிடத்தில் மேரி அமர்ந்தார். ஒலித்தட்டு நிறுவனத்தார் அதற்குப்பின் மேரியையே கேட்டனர். குழுவின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே இசை வகுத்துத் தரும் பணியையும் அவரே ஏற்றார். தொடக்கத்தில் அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் முனகிக் காட்ட, கர்க் எழுதிக்கொண்டார். சில காலத்தில் தாமே எழுதக் கற்றுக்கொண்டு, ஆண்கள் மட்டுமே கோலோச்சிய அத்துறையில் முன்னணிக்கு வந்தார். பென்னி குட்மன், டியூக் எலிங்டன் போன்ற பெரியோர் அவரிடம் இசையெழுதிப் பெற்றனர். தமக்கு மட்டுமே எழுதவேண்டுமென்று குட்மன் கேட்டபோது மறுத்துவிட்டார்.

1942-இல் கர்க் குழுவை விட்டு விலகி நியூயார்க் சென்றார். ஹார்லெமில் இருந்த அவருடைய சிறு வீடு இளைஞர்களின் கலாசாலையாயிற்று. தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோர் நள்ளிரவுக்குமேல் அங்கே கூடி, தாம் எழுதியதை மேரியிடம் வாசித்துக் காட்டுவர். ஜாஸ் வரலாற்றில் ‘பிபாப்’ எனப்படும் புதிய பாணி உருவான கூடங்களில் அவ்வீடும் ஒன்று. 1945-இல் பன்னிரு இராசிகளின் பெயரால் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட ‘சோடியாக்’ தொகுப்பை இயற்றி, அவ்வாண்டின் இறுதி நாளில் டவுன் ஹால் அரங்கில் அரங்கேற்றினார்.

புகழ் வந்தது. அமைதி வரவில்லை. 1952-இல் இங்கிலாந்து சென்றவர் இரண்டாண்டுகள் ஐரோப்பாவில் தங்கினார். 1954-இல் பாரிசில் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க் திரும்பியவர் மேடைப் பக்கமே போகவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் சார்லி பார்க்கர் முப்பத்துநான்கு வயதில் போதைப்பழக்கத்துக்குப் பலியானார். அவரைப் போலவே அழிந்துகொண்டிருந்த இளைஞர்கள் பலரை மேரி நேரில் அறிவார். சிலருக்குச் சமைத்துப் போட்டிருந்தார்.

தாம் வாசித்த இசையே அவர்களை அழித்ததோ? இக்கேள்வி அவரை வாட்டியது. வீட்டருகே 142-ஆம் தெருவில் இருந்த லூர்து அன்னை ஆலயத்தில் மணிக்கணக்காக அமர்ந்து செபித்தார். யார் யாருக்காகச் செபிக்கவேண்டுமென்று பெயர்ப்பட்டியலே வைத்திருந்தார். துன்புறும் கலைஞர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து தங்கவைத்தார். கையிலிருந்த பணம் கரைந்தது. ஒறுத்தலும் செபமும் போதும், இசை வேண்டாம் என்பதே அந்நாளில் அவருடைய முடிவு.

அம்முடிவை மாற்றியவர்கள் குருக்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. தென் அமெரிக்காவில் பணியாற்றிய ஜான் குரௌலி என்னும் குருவை, அங்கே இசைப்பயணம் சென்றிருந்த கில்லெஸ்பி மேரிக்கு அறிமுகப்படுத்தினார். வாசிப்பதையே பிறருக்கான செபமாக ஒப்புக்கொடுக்கலாம் என்று அவர் மேரிக்கு எடுத்துரைத்தார். மேரிக்கும், கில்லெஸ்பியின் மனைவி லொரெய்னுக்கும் மறைக்கல்வி கற்பித்த இயேசு சபைக் குரு அந்தோனி வுட்ஸும் அதையே வற்புறுத்தினார். 1957 மே மாதம் இருவரும் திருமுழுக்குப் பெற்றனர். இரண்டே மாதங்களில் நியூபோர்ட் இசைவிழாவில் கில்லெஸ்பியின் குழுவோடு மேரி மீண்டும் மேடையேறி, சோடியாக் தொகுப்பின் பகுதிகளை வாசித்தார். இரவு விடுதியை விட்டு விலகு என்று அறிவுரை கூறுவது எளிது. அக்காலக் குருக்களில் பெரும்பாலோர் அதைத்தான் கூறியிருப்பர். இவ்விருவரும் அவரைப் பியானோவுக்கே திருப்பி அனுப்பினர்.

போதைக்கு அடிமையான கலைஞர்களுக்கென ஓர் இல்லம் எழுப்ப விரும்பி ‘பெல் காண்டோ’ என்னும் அறக்கட்டளையை அவர் நிறுவினார். பழைய பொருள் விற்கும் கடை ஒன்றும் நடத்தினார். இல்லம் எழவேயில்லை. கடையும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

1962 மே 6 அன்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர், பெரு நாட்டு மார்ட்டின் தெ போரஸைப் புனிதராக உயர்த்தினார். இஸ்பானியப் பிரபுவுக்கும் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கும் மகனாக 1579-இல் லீமா நகரில் பிறந்து, தோமினிக்கன் மடத்தில் துடைப்பம் ஏந்தி, நோயாளருக்கு மருந்திட்டு வாழ்ந்த சகோதரர் அவர். நிறத்தின் பெயரால் வீட்டில் கல்லெறி வாங்கிய மேரிக்கு அப்புனிதரிடம் ஏற்பட்ட பற்றை விளக்கவேண்டியதில்லை. வுட்ஸ் அடிகளார் பாடல் எழுத, மேரி இசையமைத்தார். அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள், புனிதரின் திருநாளன்று, நியூயார்க் புனித சவேரியார் ஆலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. பெரும்பகுதி கருவித்துணை இல்லாமல் குரல்கள் மட்டுமே; நடுவில் தென் அமெரிக்கத் தாளத்தோடு பியானோ நுழைந்து, சிறிது பொழுதில் விலகிவிடும். மேரியின் படைப்புகளில் இதையே நான் முதலில் வைப்பேன். அன்றைய வரவேற்பு கலவையானது. பக்தியோடு இருந்தது ஜாஸ் அன்பர்களுக்குப் பொருந்தவில்லை. ஜாஸாக இருந்தது பக்தர்களுக்குப் பொருந்தவில்லை.

வழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் ஏடு வெளிவந்தது இதற்கு ஓராண்டுக்குப் பின், 1963 டிசம்பர் 4 அன்று. ஆர்கனுக்கே முதலிடம் என்று அவ்வேடு கூறினும், தூய பயன்பாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்றது. மக்கள் மொழிக்கும் கதவைத் திறந்தது. நம் பீடங்களில் இலத்தீன் போய்த் தமிழ் ஒலிக்கத் தொடங்கியதும் அதன் விளைவே. 1903-இன் விதி இவ்வாறு தளர்ந்தது.

பிட்ஸ்பர்க் ஆயர் ஜான் ரைட் மேரிக்குப் பேராதரவாக நின்றார். 1964-இல் அந்நகரில் ஜாஸ் விழாவொன்று தொடங்க உதவினார். கத்தோலிக்கப் பள்ளியொன்றில் இசை கற்பிக்கவும் வழி ஏற்பட்டது. அங்கே மாணவியரோடு பாடிப் பாடி உருவாக்கிய திருப்பலி இசை 1967 ஜூலையில் பிட்ஸ்பர்க் புனித சின்னப்பர் பேராலயத்தில் ஒலித்தது. 1968-இல் தவக்காலத் திருப்பலி இசையை ஹார்லெம் புனித தோமையார் ஆலயத்துக்கென எழுதினார். அடுத்து, நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீட ஆணைக்குழுவின் வேண்டுகோளின்படி மூன்றாவது திருப்பலி இசை பிறந்தது. 1971-இல் ஆல்வின் எய்லி இதற்கு நடனம் அமைத்தபோது ‘மேரி லூவின் திருப்பலி’ என்னும் பெயர் நிலைத்தது. புனித பேட்ரிக் பேராலயத்தில் 1975-இல் ஒலித்தது இதுவே. அன்று திருப்பலி நிறைவேற்றியவர் இயேசு சபையின் பீட்டர் ஓபிரையன். 1964-இல் குருமாணவராக உணவு விடுதியொன்றில் மேரியின் வாசிப்பைக் கேட்டு மயங்கி, பின்னர் அவருக்கு மேலாளராகவே ஆகிவிட்டவர் அவர். ஒரு குரு ஜாஸ் கலைஞருக்கு மேலாளராக இருந்தது வேறெங்கும் நிகழ்ந்ததா என்பது ஐயமே.

மேரியின் கருத்துகள் எல்லாம் ஏற்கத்தக்கவை என்று சொல்வதற்கில்லை. ஜாஸ் வரலாற்றை அவர் ஒரு மரமாக வரையச் செய்தார். துன்பமே அதன் வேர். பக்திப் பாடல்களிலிருந்து அடிமரம் எழும். கலைஞர்களின் பெயர்கள் இலைகளாகத் துளிர்க்கும். ஆனால் ராக் இசையும் புதுமைவாதிகளின் பரிசோதனைகளும் அம்மரத்தில் பட்ட கிளைகள். தம் இளமையில் பிபாப் பாணியைப் பழித்தோர் கூறியதும் இதையேதான் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா? ஆயினும் 1977-இல், அப்புதுமைவாதிகளுள் தலையாயவரான செசில் டெய்லரோடு கார்னகி அரங்கில் இரட்டைப் பியானோ வாசித்தார். இருவரும் இருவேறு திசையில் இழுத்த கச்சேரி அது.

அதே ஆண்டில் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. முறையாக ஓர் ஆசிரியரிடமும் பயிலாதவர் அங்கே ஜாஸ் வரலாறு கற்பித்தார். புற்றுநோயால் நலிந்து, 1981 மே 28 அன்று டர்ஹம் நகரில் இறந்தார். பிட்ஸ்பர்க்கின் கல்வாரிக் கத்தோலிக்கக் கல்லறையில் அவர் துயில்கிறார். இறப்பதற்கு முன் 1980-இல் தம் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைத்திருந்தார். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு ஜாஸ் கற்பிப்பது அதன் பணி.