நாகணவாயின் மரம் அன்று: இம்பே தொகுப்பில் 1777ஆம் ஆண்டுப் படம் ஒன்று

ஷேக் ஜைனுத்தீன் 1777இல் கல்கத்தாவில் வரைந்த படம் ஒன்று இன்று மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் உள்ளது. இலந்தைக் கிளை, அதில் மைனா இனத்துக் கருங்கொண்டை நாகணவாய், உடன் இரண்டு தசர்ப் பட்டு அந்துப்பூச்சிகள், ஒரு புழு, ஒரு பட்டுக்கூடு. நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே வரையச் செய்த இம்பே தொகுப்பைச் சேர்ந்தது இப்படம். அத்தொகுப்பை ஆராய்ந்தோர் இதைப் பறவைப் படமாகவே கொண்டு வந்துள்ளனர். தொகுப்பிலுள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களில் பாதிக்கு மேல் பறவைகளே என்பதால் அது இயல்புதான். ஆயினும் இந்தப் படத்தில் மரம் பறவைக்காக வந்ததன்று, பூச்சிக்காக வந்தது என்று கருத இடமிருக்கிறது.

இதுவரை நடந்த விவாதம் இரு கரைகளில் நிற்கிறது. ஒரு சாரார் ஜைனுத்தீனின் தூரிகையில் ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூரைக் காண்கின்றனர். மறு சாரார் வாட்மன் தாளையும் ஆங்கிலேய நீர்வண்ணத்தையும் சுட்டி, மேரி இம்பேயின் கட்டளைக்கு முதலிடம் தருகின்றனர். இரு சாராரும் படத்தின் மூலத்தை வேறு படங்களிலேயே தேடுகின்றனர். கிளையோ இருவருக்கும் பறவை உட்கார ஓர் இடம். வெற்றுத்தாளை நிரப்பும் அலங்காரம்.

தசர்ப் புழு எல்லா இலையையும் தின்பதில்லை. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் வங்காளத்துத் தசர், ஆமணக்குப் பட்டுப்புழுக்களைப் பற்றி எழுதிய கட்டுரை லின்னேயன் கழகத்தின் ஆய்விதழில் 1804இல் வெளிவந்தது. தசர்ப் புழுவின் தீனியாக அவர் இலந்தையையும் மருத இனத்து மரம் ஒன்றையும் குறிக்கிறார். அதற்கு 27 ஆண்டுகள் முன்பே, பறவைப் படம் எனப்படும் ஒன்றில், அதே புழு அதே மரத்தில் இருக்கிறது. வெறும் அலங்காரத்துக்கு ஒரு கிளை வேண்டுமென்றால் மாவோ பலாவோ போதும். இதே ஓவியர் 1778இல் ஒரு மாங்குயிலைப் பலாமரக் கட்டையின்மேல்தான் அமர்த்தினார். முள்ளும் கோணலுமாக வளரும் இலந்தையை அழகு கருதி யாரும் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

மரத்தையும் பூச்சியையும் இனங்கண்டவர்கள் பிற்காலத்தவரே. ஒன்றை வைத்து மற்றதை ஊகித்திருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தை எளிதில் தள்ள முடியாது. ஆனால் இலந்தை இலையை அதன் அடியிலிருந்து பிரியும் மூன்று நரம்புகள் காட்டிக்கொடுக்கும். தசர்ப் பூச்சியைச் சிறகுகளிலுள்ள கண்போன்ற புள்ளிகள் காட்டிக்கொடுக்கும். இரண்டும் தனித்தனிச் சான்றுகள். அவை ஒரே இடத்தில் வந்து சேர்வதைத் தற்செயல் என்பது சோம்பல்.

புழு, கூடு, பூச்சி ஆகிய நிலைகளை ஒரே செடியில் வைத்துக் காட்டுவது மரியா சிபில்லா மேரியனின் முறை. அவருடைய சூரினாம் பூச்சிகள் நூல் 1705இல் வந்தது. அம்முறை புத்தகங்கள் வழியாகக் கல்கத்தாவை எட்டியது என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் மேரியனிடமிருந்து கிடைக்கக்கூடியது அமைப்பு மட்டுமே. வங்காளத்தில் எந்தப் பூச்சிக்கு எந்த மரம் என்பதைச் சூரினாம் பற்றிய நூல் சொல்லாது. அச்செய்தி இந்த மண்ணிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

யாரிடமிருந்து? தொகுப்பின் குறிப்புகள் ஜைனுத்தீனைப் பாட்னாக்காரர் என்கின்றன. தசருக்குப் பெயர்போன பாகல்பூரும் பாட்னாவைப் போலவே பீகாரில் உள்ளது. ஓவியரே அறிந்திருக்கலாம். கிளையைப் புழுவோடு ஒடித்துக் கொண்டுவந்தவர் அறிந்திருந்தார் என்பது இன்னும் பொருத்தம் என்று தோன்றுகிறது. நீதிபதி எலைஜா இம்பேயின் வீட்டுத் தோட்டத்தில் விலங்குகளும் பறவைகளும் வளர்க்கப்பட்டன. அவற்றைப் பிடித்துவந்து பேணியவர்களும் இருந்தார்கள். தொகுப்பின் ஓவியர்களான ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவர் பெயரையும் மறதியிலிருந்து மீட்ட ஆய்வு அரும்பணிதான். ஆனால் எல்லாப் பெருமையையும் ஓவியரின் கைத்திறனுக்கே கொடுத்தபோது, அந்தக் கைக்குச் செய்தி சொன்னவர்கள் இரண்டாம் முறையும் விடுபட்டார்கள்.

அப்படியானால் நாகணவாய்க்கு அங்கே என்ன வேலை? தசர் வளர்ப்போருக்கு ஓயாத தொல்லை பறவைகளே; புழுக்கள் மரத்தில் இருக்கும் நாளெல்லாம் அவற்றை ஓட்டக் காவல் இருப்பார்கள். புழு தின்னும் பறவையும் புழுவும் ஒரே கிளையில் இருப்பது அந்தக் காவலின் நினைவு என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு தூரம் போக இந்த ஒரு படம் இடம் தராது. தொகுப்புக்குப் பறவை தேவைப்பட்டது, ஆகவே பறவை வந்தது என்பதே போதுமான விடை. இலந்தைப் பழத்துக்காக நாகணவாய் வந்தது என்னும் வாதம் எழக்கூடும். பழத்துக்காக வந்த பறவையோடு கூடும் புழுவும் வர வேண்டிய தேவை என்ன என்பதற்கு அவ்வாதத்தில் பதில் இல்லை.

மேரி இம்பேயின் தொகுப்பு 1810இல் லண்டன் ஏலத்தில் சிதறியது. அன்றிலிருந்து இதன் ஏடுகள் பறவையியலின் பக்கமே அடுக்கப்பட்டு வருகின்றன. 1777ஆம் ஆண்டின் இந்த ஏட்டை ராக்ஸ்பர்க்கின் கட்டுரைக்கு அருகில், இந்தியப் பட்டு வரலாற்றின் சான்றுகளோடு வைத்துப் படிக்க வேண்டும். எஞ்சிய ஏடுகளிலும் மரத்தையும் பூச்சியையும் இணையாக வைத்துச் சரிபார்க்கும் வேலையைத் தாவரவியலாரும் பூச்சியியலாரும் கைக்கொள்ள வேண்டும். கலை வரலாற்றாளர் தனியே செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று அது.